தெற்குச் சுவரில் மாட்டிய வரைபடம்

போன மாதம் கவிதா போன் பண்ணினாள். நெடுஞ்சாலைத் துறையில் உதவிப் பொறியாளர், நான் ரிட்டயர் ஆகும் சமயத்தில் வேலைக்குச் சேர்ந்த பிள்ளை. "அக்கா, அரியலூர் ரோட்டுப் புறவழியை இன்னும் கொஞ்சம் நீட்டப் போறாங்க. கருத்துக்கேட்புக் கூட்டம் இருக்கு. மூணு கோடு போட்டு ஊர்க்காரங்ககிட்ட காட்டணும். என்ன கலர்ல போடறதுக்கா?" என்றாள்.

நான் சிரித்த சிரிப்பில் கையில் இருந்த காபி புடவையில் கொட்டிவிட்டது.

"ஏன்க்கா சிரிக்கிறீங்க? ட்ரோன் விட்டுப் படம் எடுத்தாச்சு, கம்ப்யூட்டர் கோட்டைப் போட்டுடுச்சு. கலர் மட்டும்தான் பாக்கி."

"அந்தக் கலர்லதான்டி எங்க உசிரே போச்சு" என்றேன். அதை அப்படியே எழுதிக் கொடுங்கள், புதிதாக வந்தவர்கள் படிக்கட்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். எனக்கும் சாயங்கால வேளையில் சீரியலைத் தவிர வேறு வேலை இல்லை. சரி, எழுதுகிறேன்.

நான் வேப்பந்தட்டைக்காரி. திருச்சியில் ஐ.டி.ஐ.யில் கட்டட வரைவாளர் படிப்பு படித்தேன். வகுப்பில் பெண்கள் என்றால் நானும் இன்னொருத்தியும்தான். இந்திய மை, டி ஸ்கொயர், டிரேசிங் பேப்பர், தப்பாகிவிட்டால் சுரண்டுவதற்கு அரை பிளேடு. படிப்பு அவ்வளவுதான். பேப்பர் கிழியாமல் தப்பைச் சுரண்டி எடுக்கத் தெரிந்தவளுக்கு வேலை நிச்சயம் என்று எங்கள் வாத்தியார் சொல்வார். எனக்கு அது கைவந்தது, பெரம்பலூரில் வேலையும் கிடைத்தது. வேப்பந்தட்டை பஸ்ஸில் வரைபட உருளையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்று நின்றே பாதி வயசு போய்விட்டது. கண்டக்டர்கள் எல்லாம் அதைப் பாய் என்றே நினைத்திருப்பார்கள்.

இப்போது அந்தக் கலர் விவகாரம். செட்டிகுளம் பக்கம் ஒரு ஊரில் ரோட்டுக்கு மூன்று வழி யோசித்திருந்தோம். மூன்றையும் மூன்று கலரில் அழகாக வரைந்துகொண்டு போனேன். என்னிடம் இருந்த மை என்னவோ அந்தக் கலரில் போட்டேன், வேறு ஒரு நினைப்பும் இல்லை. கூட்டத்தில் மேப்பை விரித்ததுமே முன்வரிசைப் பெரியவர் ஒருத்தர் எழுந்தார். தன் கட்சி வேட்டிக் கரையைப் பார்த்தார், மேப்பைப் பார்த்தார், திரும்பவும் கரையைப் பார்த்தார்.

"எங்க கலர் கோட்டைக் கொண்டுபோய் சுடுகாட்டு வழியா வுட்டிருக்கீங்களே, இது யாரு சொல்லிக் கொடுத்த வேலை?" என்றாரே பார்க்கலாம்!

அவ்வளவுதான். எதிர்க் கரைக்காரர்கள் கைதட்ட, இந்தக் கரைக்காரர்கள் நாற்காலியைத் தூக்க, அந்தக் கூட்டம் தேநீர் வருவதற்குள் முடிந்துபோனது. ரோடு எங்கே வரும், யார் நிலம் போகும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அப்போது எங்களுக்குக் கோட்டப் பொறியாளராக இருந்தவரை டி.இ. சார் என்போம். ஒல்லியான மனிதர். ஜீப்பில் எப்போதும் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வைத்திருப்பார். ஊர் எல்லை வந்ததும் ஷூவைக் கழற்றிவிட்டு அதை மாட்டிக்கொள்வார். மேடையில் துண்டு போட்ட நாற்காலியை அவருக்காகவே வைத்திருப்பார்கள், அதில் உட்காரவே மாட்டார். சின்னப் பிள்ளையைக்கூட 'வாங்க, சொல்லுங்க' என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் "ரொம்ப நல்லது" என்பார். அந்த 'ரொம்ப நல்லது' வந்துவிட்டால் ஆபீஸில் மின்விசிறி சத்தம் மட்டும்தான் கேட்கும். யார் எந்த ரோட்டைப் பற்றி என்ன வாதம் பண்ணினாலும் கடைசியில் ஒன்றே ஒன்று கேட்பார்: "நடந்து பார்த்துட்டுப் பேசலாமா?" அதைக் கேட்டாலே பாதிப் பேருக்கு வேறு வேலை ஞாபகம் வந்துவிடும்.

செட்டிகுளம் கூத்துக்கு அப்புறம் என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா வசந்தா, எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லாத கலர் ஒண்ணு கண்டுபிடிங்க. எல்லாக் கோடும் இனிமே அந்த ஒரே கலர்தான்." ஆபீஸே கூடி யோசித்துக் காபிக்கொட்டைக் கலர் என்று முடிவு பண்ணினோம். பெரிய சாமர்த்தியம் பண்ணிவிட்டதாக எல்லாருக்கும் நினைப்பு. அந்தச் சாமர்த்தியம் அடுத்த ஊரில் எங்களை என்ன பாடு படுத்தியது என்பதுதான் கதை.

அந்த அடுத்த ஊரின் பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இன்றைக்கும் இரண்டு கோஷ்டியும் போன் பண்ணும். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ரோடு கிழக்கே அரியலூர் பார்த்துப் போவதுதான், ஆனால் அந்த ஊர்க்கிட்ட வந்ததும் தெற்கே ஒடிந்து, ஊருக்கு நடுவில் நுழைந்து வெளியே வரும். சுண்ணாம்புக்கல் லாரியும் சிமெண்ட் லாரியும் பள்ளிக்கூட வாசலை உரசிக்கொண்டு போகும். புறவழி வேண்டும் என்பதில் ஊருக்குள் இரண்டு பேச்சு இல்லை. ஊருக்குக் கிழக்கே போவதா, மேற்கே போவதா என்பதுதான் சண்டை. மேற்கே போனால் காடுகள் போகும். எங்கள் பக்கம் காடு என்றால் மரங்கள் இல்லை, மானாவாரி நிலம். அதில் பெரும்பகுதி முன்னாள் ஒன்றியக் கவுன்சிலர் கோவிந்தராசு வகையறாவுடையது. கிழக்கே போனால் காலனி போகும். அங்கே இருந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக மற்றவர் காட்டில் வேலை செய்த குடும்பங்கள். இப்போது கொத்தனார், எலக்ட்ரீஷியன், நர்ஸ் என்று ஆளுக்கொரு தொழில். அப்போதுதான் ஒவ்வொரு வீடாகக் கூரை மாறிக் காங்கிரீட் ஏறிக்கொண்டிருந்தது.

கூட்டம் சமுதாயக் கூடத்தில். மேப்பை மாட்ட இடம் தேடினேன். வடக்குச் சுவர் முழுக்கத் தலைவர்கள் படம். எதை மறைத்தாலும் வம்பு. எதற்கோ அடித்த இரண்டு பழைய ஆணி தெற்குச் சுவரில் கிடைத்தது. அங்கே மாட்டினேன். இரண்டு கோடும் ஒரே காபிக்கொட்டைக் கலர். இடது பக்கம் போவதற்கு 'அ', வலது பக்கம் போவதற்கு 'ஆ'.

நம் சனங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, நீங்களே கவனித்திருப்பீர்கள். இடம் வலம் என்று யாரும் சொல்வதில்லை. பந்தியில்கூட 'கொஞ்சம் கிழக்கால நவுந்து உக்காருங்க' என்பார்கள். பல்லு வலிக்கு டாக்டரிடம் போனால்கூட 'தெற்குப் பக்கத்துப் பல்லு' என்று சொன்ன ஆளை எனக்குத் தெரியும். திசை அவர்கள் உடம்பிலேயே இருக்கிறது. மேப்பில் இடது பக்கம் மேற்கு. ஆனால் தெற்குச் சுவரைப் பார்த்து நிற்கிறவருக்கு இடது கைப் பக்கம் எது? கிழக்கு! வெளியே வெயில் அந்தப் பக்கத்து ஜன்னல் வழியாகத்தான் உள்ளே விழுந்துகொண்டிருந்தது. கலர் இருந்திருந்தால் 'பச்சைக்கோடு, நீலக்கோடு' என்று பேசியிருப்பார்கள். நாங்கள்தான் புத்திசாலித்தனமாகக் கலரை எடுத்துவிட்டோமே.

டி.இ. சார் முறைப்படி எழுந்து ஒவ்வொரு கோடும் எந்தெந்த சர்வே எண் வழியாகப் போகிறது என்று வாசிக்க ஆரம்பித்தார். கோவிந்தராசு கையை உயர்த்தினார். நல்ல ஆகிருதி, நல்ல குரல். மைக் அவருக்குத் தேவையே இல்லை.

"சார், நம்பரெல்லாம் எங்களுக்கு எதுக்கு? பொறந்து வளந்த ஊரு. கோட்டைப் பார்த்தாச்சு." எழுந்து வந்து மேப்பில் இடது பக்கத்துக் கோட்டின்மேல் கையை வைத்தார். "இந்தக் கெழக்கால போற கோடுதான் சரி. மேற்க அத்தனையும் வெள்ளாமை நெலம். வெங்காயம் வெளையற பூமியில ரோடு போடலாமா? நீங்களே சொல்லுங்க."

அவர் ஆட்கள் கைதட்டினார்கள். எதிர்க் கோஷ்டியான ஊராட்சித் தலைவர் ஆட்களுக்கும் மேற்கே துண்டு துக்காணி நிலம் இருந்தது. ஆகவே சரித்திரத்தில் முதல் தடவையாக இரண்டு கோஷ்டியும் சேர்ந்து தட்டின.

பின்னால் கதவோரம் பெண்களோடு நின்றிருந்த ஒருத்தி முன்னால் வந்தாள். அஞ்சலை என்று பேர். வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து ஜாக்கெட் தைக்கிறவள். புடவை முந்தி நனைந்திருந்தது.

"ஐயா, எங்க வூட்டுக்கு இப்பத்தான் காங்கிரீட் போட்டிருக்கோம். எங்க வூட்டுக்காரரு கொத்தனாரு. ஊரு ஊராப் போயி எல்லாருக்கும் வூடு கட்டினவரு, லீவுக்கு வரப்ப ஒவ்வொரு செவுரா எழுப்பி இப்பத்தான் தலைக்கு மேல கூரைன்னு ஒண்ணு நிக்குது. அது மேல ரோடு வுடறேங்கறீங்களே."

கோவிந்தராசு அவளை அதட்டவில்லை. ரொம்பப் பொறுமையாகத்தான் பேசினார். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஊரு நல்லா இருக்கணும்னா நாலு பேரு விட்டுக்கொடுத்துத்தான் ஆகணும்மா. வூடு போனா என்ன, அரசாங்கம் வேற எடம் தராமலா போயிடும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் வாய் கிழக்கு என்கிறது, கை இருப்பதோ அவருடைய சொந்தக் காட்டின்மேல்! சாரிடம் குனிந்து சொன்னேன். அவர் மேப்பைப் பார்த்தார், ஜன்னல் வெயிலைப் பார்த்தார். சட்டென்று எழுந்து, "ஒரு நிமிஷம்ங்க, திசையில ஒரு சின்னக் குழப்பம் இருக்கு, அந்தக் கோட்டுல வர அடையாளத்தை மட்டும் படிச்சுடறேன்" என்றார். யார் கேட்டார்கள்! "முடிவை மாத்தப் பாக்கறாங்கப்பா" என்று ஒரு குரல், "வெளியூர்க்காரங்களுக்கு எங்க ஊர்த் திசை தெரியுமா" என்று இன்னொரு குரல். அந்தக் கூச்சலிலேயே 'அ' கோடு என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள்.

"ரொம்ப நல்லது" என்றார் சார். அப்புறம், "தரையில கோடு போட்டுக் காட்டறோம். எல்லாரும் வந்து நடந்து பாருங்க" என்றார். ஜீப் அரியலூர்ப் பக்கம் போனது. போகும்போது என்னிடம், "யாராவது வந்து கேட்டா விளக்கிச் சொல்லுங்கம்மா. இது ஒண்ணும் ரகசியம் இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

நான் பெரம்பலூர் பஸ்ஸுக்கு நின்றேன். அஞ்சலை வந்தாள். அழுது முடித்த முகம்.

"மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மாடியில தண்ணி கட்டி வெச்சிருக்கேன். இனிமே ஊத்தவா, வேண்டாமா?"

வேலையில் எத்தனையோ மனு படித்திருக்கிறேன், ஒன்றும் என்னை இப்படிப் பிசைந்ததில்லை. புதுக் காங்கிரீட் காயாமல் இருக்கத் தண்ணீர் ஊற்றுகிறாள், இடிக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே கேட்கிறாள். உருளையைப் பிரித்தேன். "வடக்கப் பார்த்து நில்லு" என்றேன். நின்றாள். மேப்பை அவள் முன்னால் பிடித்தேன். "இந்தா, அ கோடு. இப்ப இது உனக்கு எந்தப் பக்கம்?"

"மேற்கால." விரலை வைத்துக்கொண்டே போனாள். "இது ஓடை... இது ஐயனாரு... இது கவுன்சிலரு கெணறு..." நிறுத்தினாள். வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயையோ! அப்ப அவரு காட்டுமேலயே அவரு கைய வெச்சுட்டாரா?"

சிரித்தாள் பாருங்கள்! பஸ் ஸ்டாப் கல்லில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வர வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் வந்த பஸ்ஸை விட்டுவிட்டேன். கடைசியில் முந்தியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தண்ணி ஊத்தறேன் மேடம்" என்று எழுந்து போனாள்.

அவள் அதை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை என்று அப்புறம் தெரிந்தது. காலையும் மாலையும் குடத்தோடு மாடி ஏறியிருக்கிறாள். "இடிக்கப் போற வூட்டுக்குத் தண்ணி ஊத்தறா பாருடா" என்று டீக்கடையில் கேலி வேறு. பரவாயில்லை என்று ஊற்றினாளாம். கெட்டிக்காரி.

சுண்ணாம்புக் கோடு போடுவது எங்கள் டி.இ. சாரின் தனி வழக்கம். மேப்பில் கோடு என்பது தலைமுடி கனம். 'ஒரு கோடுதானே, கொஞ்சம் தள்ளிப் போட்டா என்ன' என்று எல்லாரும் சொல்வது அதனால்தான். சார் என்ன செய்வார் என்றால், ரோட்டின் நடு எங்கே வருமோ அங்கெல்லாம் முளை அடிக்கச் சொல்வார். முளையில் வெள்ளைத் துணிதான் கட்ட வேண்டும், வேறு கலர் கட்டினால் பழைய கதை. நடு முளையிலிருந்து இரண்டு பக்கமும் ரோட்டின் முழு அகலத்துக்குக் கயிறு பிடித்து, கயிற்றோரமாகச் சுண்ணாம்புத் தூள் கட்டிய சாக்கைத் தட்டிக்கொண்டே போவார்கள். பின்னால் இரண்டு வெள்ளைக் கோடு விழும். அதற்கு நடுவில் நின்று பார்த்தால்தான் ரோடு என்றால் என்னவென்று புரியும். பஸ்ஸைக் குறுக்கே நிறுத்தினாலும் இன்னும் இடம் மிச்சம் இருக்கும். சார் அந்தச் சாக்கைத் தானே தூக்கிக்கொண்டு நடப்பார், தலைமயிர் எல்லாம் வெள்ளையாகிவிடும்.

அன்றைக்குக் காலையிலேயே ஆரம்பித்தோம். மக்காச்சோளத் தட்டையைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, கோடு சின்ன வெங்காயக் காட்டுக்குள் நுழைந்தது. அங்கே கோவிந்தராசுவின் பட்டறை இருந்தது. பட்டறை என்றால் இரும்பு அடிக்கிற இடமல்ல. அறுத்த வெங்காயம் காற்றாடக் கிடக்கட்டும் என்று மூங்கில் படலால் அடைத்துக் கூரை வேய்ந்து வைப்பார்களே, அது. அதன் நடு வயிற்றில் வெள்ளைக் கோடு ஏறிப் போனது. கொஞ்சம் தள்ளி ஆழ்துளைக் கிணறும் கோட்டுக்குள் வந்துவிட்டது.

மோட்டார் சைக்கிளில் கோவிந்தராசு பறந்து வந்தார். பின்னாலேயே ஊரும் வந்தது. 

"யோவ், என்னய்யா இது? கெழக்க போடற கோட்டை இங்க வந்து போடறீங்க?"

"அ கோடுங்க. நீங்க கைவெச்சுக் காட்டினது" என்றார் சார்.

"நான் கெழக்கால காட்டினேன்."

சார் சூரியனைப் பார்த்தார். கோவிந்தராசுவும் பார்த்தார். சூரியன் பாட்டுக்குக் காலனிக்கு மேலே இருந்தது. நான் உருளையைப் பிரித்து வடக்கைப் பார்த்துப் பிடித்தேன். அவர் ரொம்ப நேரம் அதைப் பார்த்தார். கூட்டத்தில் யாரோ 'களுக்' என்றார்கள். அவருடைய எதிர்க் கோஷ்டித் தலைவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, அவருடைய துண்டு நிலமும் கோட்டுக்குள்தான் இருந்தது.

கோவிந்தராசு குரல் இறங்கிவிட்டது. "சார், இது எங்கப்பன் காலத்துலேருந்து பாடுபட்ட பூமிங்க. பட்டறை வெச்சு இன்னும் ஒரு மழை பாக்கல. இதும்மேல ரோடு வுட்டா எப்படிங்க?" என்றார். பாவம், அந்த மனுஷன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. கூட்டத்தில் எல்லாருக்கும் அன்றைக்குக் கூடத்தில் கேட்ட பேச்சு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அஞ்சலைதான் பேசினாள். குத்திக்காட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அண்ணே, பட்டறை போனா வேற எடத்துல போட்டுக்கலாம். ஆளுக்கொரு படல் புடிச்சா ஒரு பொழுது வேலை, எங்க தெருவே வந்து கட்டித் தரோம். வூட்டை அப்படித் தூக்கி வெக்க முடியாதுல்லண்ணே."

அவர் அவளைப் பார்த்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டே போனார், ஸ்டார்ட் பண்ண மறந்துவிட்டார்.

தீர்மானத்தை ரத்து பண்ண அவர் ஆடாத ஆட்டம் இல்லை. சென்னை வரைக்கும் போய்வந்தார். சார் அவருடைய ஆட்சேபனை மனுவையும் வாங்கி முறைப்படி விசாரித்தார். கோடு ஓடைப் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து கிணறு தப்பியது, பட்டறை தப்பவில்லை. வீடுகளை இடித்துக்கொண்டு போகிற 'ஆ' கோட்டைச் சார் எப்படியும் எழுதியிருக்க மாட்டார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ரோடு வந்தது. சொன்ன மாதிரியே காலனி ஆட்கள் போய்ப் புதுப் பட்டறை கட்டிக் கொடுத்தார்கள். கோவிந்தராசு கட்டிலில் உட்கார்ந்து, இந்த முடிச்சு சரியில்லை, அந்தப் படல் சாய்கிறது என்று குறை சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

இப்போது கவிதாவின் கூட்டம். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அதே சமுதாயக் கூடம். தெற்குச் சுவரும் இப்போது தலைவர்கள் படத்தால் நிரம்பிவிட்டது. மாட்ட இடமே இல்லை. "தரையில விரிங்க, வடக்க வடக்கா வெச்சு" என்றாள் அஞ்சலை. தலை நரைத்துவிட்டது, இப்போது அவள் வார்டு உறுப்பினர். தரையில் விரித்தோம். சனங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுற்றி நின்றார்கள். மூன்று கோடு, மூன்றும் காபிக்கொட்டைக் கலர்.

கோவிந்தராசு கைத்தடியோடு வந்தார். உடம்பு தளர்ந்திருந்தாலும் குரல் அப்படியே இருந்தது.

"அண்ணே, வடக்கு எதுன்னு தெரியுதா?" என்றாள் அஞ்சலை. கூடமே சிரித்தது.

"தெரியும் போ" என்று மேப்பைச் சுற்றி மெதுவாக நடந்தார். ஒரு கோடு காலனியின் ஓரத்தை உரசிக்கொண்டு போயிற்று. அங்கே நின்றார். அஞ்சலை முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது, அவளும் அதைப் பார்த்துவிட்டாள். கவிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கிழவர் கைத்தடி நுனியை அந்தக் கோட்டின்மேல் வைத்தார்.

"இது ஆவாது. இங்க வூடு இருக்கு" என்றார். அப்புறம் எல்லாரும் தன்னையே பார்ப்பது தெரிந்து, "இதுங்களை எடுத்துட்டா என் பட்டறையை மறுபடி யாரு கட்டுவா?" என்று எரிந்து விழுந்தார்.

"இந்தத் தடவை சும்மா கட்ட மாட்டோம், பிரியாணி போடணும்" என்றாள் அஞ்சலை. குரல் உடைந்திருந்தது.

கவிதா எழுந்து நின்றாள். "நடந்து பார்த்துட்டுப் பேசலாமா?" என்றாள். டி.இ. சாரை அவள் பார்த்ததே இல்லை.

எல்லாரும் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கோவிந்தராசு முதல் ஆளாக வாசலுக்கு வந்துவிட்டார். படியில் ஒரு நிமிஷம் நின்று சூரியனைப் பார்த்தார். அப்புறம் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, கிழக்கே திரும்பி நடந்தார்.